காற்றுக்கு நான் போட்ட தாளம்

ஓர் ஈயக் குண்டு. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் மரப்பலகையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், மேலே ஒன்று, கீழே ஒன்று.

நான் சப்பாத்து இல்லாமல், காலுறையோடு, ஒரு மடக்குத் திரைக்குப் பின்னால் நின்று அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது கை ஒரு நீண்ட மரப்பிடியைக் கீழே அழுத்துகிறது, மேலே விடுகிறது. இடது கை காற்சட்டை இடுப்புக்குள் செருகப்பட்டிருக்கிறது. இரண்டு காதுகளுக்குள்ளும் மஞ்சள் நிற அடைப்பான்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் அறுபது பேர் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் என் மனைவி வாசுகி வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறாள். முப்பது வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு வந்த முதல் மேடை. எனக்கு ஒரு சுரமும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் கார் பழகிய கதையை வாசித்துவிட்டு சிட்னி பரமட்டாவிலிருந்து ஒரு வாசகி, "உங்கள் மனைவி பாவம்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். இந்தக் கிழமையும் அவர் அதையேதான் எழுதப்போகிறார். அவருக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று நானே முன்கூட்டி ஒப்புக்கொள்கிறேன்.

என் கையைப் பற்றி

முதலில் இந்தக் கையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சின்ன வயதில் ஏழு வருடம் மிருதங்கம் படித்தேன். அரங்கேற்றம் நடக்கவில்லை. "பெடியனுக்குத் தொடங்கத் தெரியும், நிப்பாட்டத் தெரியாது" என்று வாத்தியார் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மிருதங்கத்தை விட்டுவிட்டேன். கை மட்டும் விடவில்லை.

எங்காவது ஒரு சத்தம் ஒழுங்காக வந்தால் போதும், கை எழும்பிவிடும். உடுப்புத் தோய்க்கும் மெசின், மழைக்குக் கண்ணாடி துடைக்கும் வைப்பர், சந்தியில் பாதசாரிகளுக்கு டிக் டிக் என்று அடிக்கும் கம்பம், எதுவானாலும் சரி. தொடையில் ஓர் அடி, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு அடி, வீச்சு, அடி, வீச்சு. ஆதி தாளம் தன்பாட்டில் ஓடும். எனக்கே தெரியாது.

மல்கிரேவில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் இது ஒரு விவகாரமாகவே ஆனது. கூட்டங்களில் நான் மேசையில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த மேலாளர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். தண்ணீர் தந்தார். "நேதன், வீட்டில் எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். கணேசநாதன் என்ற என் பெயரை அவர்கள் அந்த அளவுக்குத்தான் தூக்குவார்கள். எனக்கு மன அழுத்தம் என்று முடிவு செய்து ஓர் ஆலோசகரிடம் மூன்று முறை அனுப்பினார்கள்.

அந்த அம்மா மிக நல்லவர். முதல் நாள் என் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார். இரண்டாம் நாள் என் கையைப் பார்த்தார். மூன்றாம் நாள் நான் வெளியே வரும்போது அவரும் பேனாவால் மேசையில் எட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என்னை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

நாலு பேரில் ஒருத்தி

வாசுகி யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய வயலின் படித்தவள். நின்றுகொண்டு, தாளைப் பார்த்து வாசிக்கிற வயலின். நாட்டை விட்டு வரும்போது ஆளுக்கு ஒரு பை என்று வந்தோம். வயலின் அதில் அடங்கவில்லை.

பிறகு மெல்பேர்ணில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு நீச்சல், கணிதம், பரதநாட்டியம், தமிழ்ப் பள்ளி. வயலின் என்ற சொல்லையே அவள் இருபத்தைந்து வருடம் வாயெடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். என் நினைப்புகள் அப்படித்தான் இருக்கும்.

பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன வருடம் ஒரு பழைய சாமான் கடையில் ஒரு வயலினைக் கண்டாள். வாங்கி வந்தாள். ரோவில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில், உடுப்புத் தோய்க்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஒரு மணித்தியாலம் வாசித்தாள். முதல் ஆறு மாதம் பக்கத்து வீட்டு நாய் கூடவே பாடியது. ஏழாம் மாதம் நாய் நிறுத்திவிட்டது. அதை அவள் ஒரு நல்ல சான்றிதழாக எடுத்துக்கொண்டாள்.

அவளோடு வேலை செய்யும் ஒருவர் மூலமாக மார்கரெட்டின் இசைக்குழுவைப் பற்றித் தெரியவந்தது. மார்கரெட் ஓய்வு பெற்ற சங்கீத ஆசிரியை. எழுபது வயது, நேரான முதுகு, யாரையும் இரண்டு முறை பார்க்காத கண். குழுவில் நாலே பேர். முதல் வயலின் மார்கரெட். ஓர்கன் வாசிப்பவர் பீற்றர். செலோ என்ற பெரிய வயலினுக்கு ஒரு பெண். இரண்டாவது வயலின்காரருக்குத் தோள் இறுகிப்போய்க் கை தூக்க முடியவில்லை. அந்த இடத்துக்கு வாசுகியை ஒரேயொரு கச்சேரிக்கு மட்டும் எடுத்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். "பிறகு பார்ப்போம்" என்றார் மார்கரெட்.

அந்தப் "பிறகு பார்ப்போம்" எங்கள் வீட்டில் இரண்டு மாதம் குடியிருந்தது. வாசுகி சோறு வடிக்கும்போது அதை யோசிப்பாள். கார் ஓட்டும்போது யோசிப்பாள். அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருக்கவேண்டும், வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போகிறேன் என்று நாலு சனத்திடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்ட பொருட்களை எண்ண எனக்கு ஒரு கையே அதிகம்.

பறக்கும் கொழுத்த குழந்தைகள்

கச்சேரி நடக்கும் இடம் ஒரு பழைய மாளிகை. ஆட்டுக் கம்பளியில் பணம் சேர்த்த ஒரு வியாபாரி நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு கட்டியதாம். இப்போது ஒரு பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவின் கையில் இருக்கிறது. அதன் வரவேற்பு மண்டபத்தில் தங்கச் சட்டம் போட்ட கண்ணாடிகள், கண்ணாடிக் குமிழ்த் தொங்குவிளக்கு, கூரையில் உடுப்பில்லாமல் பறக்கும் கொழுத்த குழந்தைகளின் ஓவியம். தரை முகம் பார்க்கலாம் போல மினுங்கும். நான் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். கழற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தரையில் சப்பாத்தோடு ஏற என் கால் ஒப்பவில்லை.

மூலையில் ஓர்கன். தேவாலயங்களில் சுவர் முழுக்க நிற்குமே, அந்த மாதிரி இல்லை. பெரிய உடுப்பு அலுமாரி அளவு. முன்னால் குழாய்கள், உள்ளே துருத்தி. துருத்தி காற்று கொடுத்தால்தான் குழாய் பாடும். காற்றுக்கு ஒரு மின்மோட்டார் பூட்டியிருந்தார்கள். கச்சேரிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அது எரிந்துபோனது.

மோட்டாரை மாற்றலாம். ஆனால் மாளிகை பாதுகாக்கப்பட்ட சொத்து. ஓர் ஆணி அடிப்பதற்கே குழு கூடவேண்டும். குழு மாதம் ஒருமுறைதான் கூடும். நல்லவேளையாக, பழைய கைப்பிடி இன்னும் பக்கவாட்டில் இருந்தது. அதை அழுத்தினால் துருத்தி வேலை செய்யும். அதை அழுத்திப் பழகிய காவல்காரருக்கு இடுப்புப் பிடிப்பு. மார்கரெட் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வாசுகியின் வயலின் பெட்டியைக் காவிக்கொண்டு, காலுறையோடு, வேலையில்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

அழுத்துவதற்கு முன் மூன்று படிவத்தில் கையெழுத்து வைத்தேன். கைப்பிடியைப் பாதுகாப்பாகப் பிடிப்பது எப்படி என்று பதினொரு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்தேன். இறுதியில் கேள்விகள் வேறு. பத்துக்குப் பத்து.

பீற்றர் வந்து காட்டித் தந்தார். மெல்லிய மனிதர், பேச்சும் மெல்லியது. "இந்த ஈயக் குண்டைப் பாருங்கள். காற்று நிறைந்தால் குண்டு கீழே இறங்கும். குறைந்தால் மேலே ஏறும். இரண்டு கோட்டுக்கும் நடுவே வைத்திருந்தால் போதும். ஒரே சீராக அழுத்துங்கள்." போகிறவர் திரும்பி வந்தார். "இன்னுமொன்று, நேதன். சங்கீதத்தைக் கேட்காதீர்கள். குண்டை மட்டும் பாருங்கள்."

நான் தலையாட்டினேன். சங்கீதத்தைக் கேட்காதே என்று ஒருவர் சொன்னதை அந்த நேரத்தில் நான் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒத்திகை

அதுவரை ஒத்திகைகள் மார்கரெட்டின் வீட்டில், மின்சாரக் கீபோர்ட் வைத்துத்தான் நடந்தன. அங்கே வாசுகிக்கு ஒரு குறையும் சொல்லப்படவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாளிகையில் முதல் ஒத்திகை. ஓர்கனுக்கும் மூன்று தந்தி வாத்தியங்களுக்குமாக எழுதிய சின்னச் சின்னத் துண்டுகள். முதல் துண்டு தொடங்கியது. ஓர்கன் கீழே மெதுவாக நடக்க, இரண்டு வயலின்களும் மேலே ஒன்றையொன்று துரத்தின. நான் குண்டைப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன். ஐந்து நிமிடம்.

பிறகு நடுத்துண்டு வந்தது. அது மெதுவானது. நாலு நாலாக எண்ணும் நடை. அதில் வாசுகிக்கு நீண்ட சுரங்கள், ஓர்கனோடு சேர்ந்து இழுத்துப் பிடிக்கவேண்டும். எனக்கு நெஞ்சு நிறைந்தது. எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள்! நானும் மனதாரப் பங்களித்தேன்.

மார்கரெட் நிறுத்தினார். "வாசுகி, உங்கள் சுருதி ஏறியிருக்கிறது."

மறுபடி தொடங்கினார்கள். மறுபடி நிறுத்தினார். "இப்போது இறங்கியிருக்கிறது."

மறுபடி. "ஏறியிருக்கிறது."

ஏழு முறை. அவள் விரலை முன்னே நகர்த்தினாள், பின்னே நகர்த்தினாள். ஓர்கனின் பக்கத்து விளிம்பால் எட்டிப் பார்த்தேன். அவள் கழுத்து சிவந்திருந்தது. பீற்றர்கூட ஒருமுறை திரும்பி ஓர்கனைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, தன் காதைத் தடவிக்கொண்டார்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. 'இந்தக் கிழமை இவள் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை' என்று நினைத்தேன்.

குசினியில்

வீட்டுக்குத் திரும்பினோம். மொனாஷ் நெடுஞ்சாலையில் மழை. வைப்பர் ஆடியது. ஸ்டியரிங்கில் என் கையும் ஆடியது. வழக்கமாக "கையை ஒருக்கா சும்மா வையுங்கோப்பா" என்பாள். அன்று அதைச் சொல்லவில்லை.

குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். நான் தேத்தண்ணீர் போட்டேன். திரும்பியபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"மார்கரெட்டுக்கு எழுதி வைச்சிருக்கிறன், இனி அனுப்பிறதுதான். நான் விலகிறன் எண்டு."

"என்ன விசர்க் கதை இது?"

"என்ர காது போட்டுதப்பா. ஏறினதும் தெரியேல்லை, இறங்கினதும் தெரியேல்லை. வீட்டிலை வாசிக்கேக்கை சரியாத்தான் கேட்டது. அந்தளவுக்கு ஏமாந்து போயிருக்கிறன்."

ஒத்திகையைப் பதிவு செய்து தரும்படி என்னிடம் கேட்டிருந்தாள். என் கைப்பேசி ஓர்கனின் மேல் இருந்தபடியே எல்லாவற்றையும் பிடித்திருந்தது. "அனுப்ப முதல் ஒருக்காக் கேட்டுப்போட்டு அனுப்பும்" என்றேன். ஆறுதல் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

நடுத்துண்டைப் போட்டாள். இரண்டு பேரும் கேட்டோம். என் கை மேசையில் இருந்தது. அது தன்பாட்டில் தொடங்கியது. அடி. சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல்.

அந்த இடத்தில் ஓர்கன் தளர்ந்தது.

அடி, வீச்சு, அடி, வீச்சு. ஓர்கன் நிமிர்ந்தது.

மறுபடி அடி. மூன்று விரல். ஓர்கன் தளர்ந்தது.

மூன்று சுற்று கேட்டேன். ஒன்றிலும் தப்பவில்லை. நான் பிடியை அழுத்தவே இல்லை. பிடியில் ஆதி தாளம் போட்டிருக்கிறேன். அடி வருகிற இடத்தில் ஓங்கி அழுத்தி, விரல் எண்ணுகிற இடத்தில் அந்த மரப்பிடியின் மேல் ஒவ்வொரு விரலாக வைத்து எண்ணியிருக்கிறேன். விரலால் எண்ணினால் துருத்திக்குக் காற்று வருமா? காற்று குறைந்து ஓர்கன் இறங்கும்போது, சரியாக நின்ற வாசுகி ஏறியவள் ஆனாள். பாவம், அவள் இறங்கி வந்து ஓர்கனோடு சேர்வதற்குள், நான் அடியும் வீச்சுமாக ஓர்கனை ஏற்றிவிட்டேன்.

ஒரு நிமிடம் நான் கெட்டவனாக இருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அவள் விரல் அனுப்பும் பொத்தானுக்குக் கிட்டப் போனது.

"வாசுகி, அதை அனுப்பாதையும். உம்மட காதிலை ஒரு பிழையும் இல்லை."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதேங்கோ."

"ஆறுதல் இல்லை. பிழை என்ர கையிலை."

விளக்கினேன். அவள் நம்பவில்லை. மறுபடி போட்டாள். இந்த முறை தானே மேசையில் எட்டு எண்ணினாள். மூன்றாம் சுற்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விரல் எண்ணுற இடத்திலையும் எண்ணினனீங்களோ?"

"ஓம்."

"பிடியிலையோ?"

"பிடியிலைதான்."

"கலியாண வீட்டிலை பொறுத்தனான்" என்று தொடங்கினாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "செத்த வீட்டிலை பொறுத்தனான். பிள்ளையளின்ர ரீச்சருக்கு முன்னாலை பொறுத்தனான். எனக்குப் பிள்ளைப்பேறு நடக்கேக்கை கட்டில் கம்பியிலை தட்டினீங்கள், அதையும் பொறுத்தனான். காத்திலையுமோப்பா?"

அவள் அழத் தொடங்கினாள். பிறகு அது சிரிப்பாக மாறியது. பிறகு அது மறுபடி கோபமாக மாற, கைப்பேசியை என் முன்னால் தள்ளினாள்.

"எடுங்கோ. மார்கரெட்டுக்கு நீங்களே சொல்லுங்கோ."

ஒப்புதல் வாக்குமூலம்

ஒலிபெருக்கியில் போடவைத்தாள். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ ஆங்கிலம் பேசியிருக்கிறேன். குடிவரவு அதிகாரியிடம் பேசியிருக்கிறேன். அன்று பேசிய அளவு எதுவும் கடினமாக இருக்கவில்லை. எங்கள் சங்கீதத்தில் தாளம் என்று ஒன்று உண்டு, அதில் விரல்கள் உண்டு, அவை என் சொல் கேட்பதில்லை என்று படிப்படியாகச் சொன்னேன்.

மார்கரெட் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

"நேதன், காற்று எட்டு எண்ணிக்கையில் வந்தது என்றா சொல்கிறீர்கள்?"

"ஆம்."

"நாற்பது வருடம் கற்பித்திருக்கிறேன். பிள்ளைகள் தாளம் தவறுவார்கள். காற்று தாளம் போட்டு இதுவரை நான் கண்டதில்லை." பிறகு குரல் மாறியது. "வாசுகி, கேட்கிறீர்களா? ஏழு முறை நான் சொன்னது பிழை. மன்னிக்கவேண்டும்."

வாசுகி "பரவாயில்லை" என்றாள். மடிக்கணினியை மூடினாள்.

வேறு ஆளைப் போடலாமே என்று நானே சொன்னேன். முடியாது. படிவத்தில் கையெழுத்து வைத்து, வீடியோ பார்த்து, பதிவேட்டில் பெயர் ஏறிய ஆள் நான் ஒருவன்தான். ஏறிய பெயரை மாற்றக் குழு கூடவேண்டும். "அப்படியானால் அவர் கேட்கக்கூடாது" என்றார் மார்கரெட். "கேட்கமாட்டார்" என்றாள் வாசுகி. இரண்டு பேரும் எனக்கு மேலால் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை அவள் வேலைத்தலத்தில் இரைச்சல் மெசின்களுக்குப் பக்கத்தில் போடும் காதடைப்பான்களைக் கொண்டுவந்தாள். அந்தக் கிழமை முழுவதும் பயிற்சி. அலுமாரிக் கைப்பிடியில் ஈயக் குண்டுக்குப் பதிலாக ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, நூலில் கட்டித் தொங்கவிட்டாள். நான் தரை துடைக்கும் தடியை மேலும் கீழுமாக அழுத்திக்கொண்டு தேசிக்காயைப் பார்க்கவேண்டும். அவள் எதிரே நின்று வாசித்தபடி என் கையைப் பார்ப்பாள். விரல் அசைந்தால் வில்லால் ஓர் அடி. வியாழக்கிழமைக்குள் மூன்று தழும்பு.

இடைவெளியில் ஒரு வணக்கம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி. அறுபது கதிரைகளும் நிறைந்தன. எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர், மல்கிரேவ் சிவபாலனும் அவர் மனைவி ரஞ்சியும். ரஞ்சி காஞ்சிபுரம் கட்டியிருந்தாள். கச்சேரிக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று காரில் ஐம்பது மட்டன் ரோல்ஸ் இருப்பதாக என் காதில் சொன்னாள். மாளிகைக்குள் சாப்பாடு கூடாது என்று அறிவிப்பு இருந்தது. கைப்பேசியில் பதிவு செய்யவும் தடை.

அடைப்பானை வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். பீற்றர் தலையசைத்தால் தொடங்கவேண்டும் என்று பேசிவைத்திருந்தோம். எப்போது முடிப்பது என்று பேச மறந்துவிட்டோம்.

தலையசைத்தார். அழுத்தினேன். குண்டு ஏறியது, இறங்கியது. கோட்டைத் தாண்டவில்லை. நாலைந்து நிமிடம் கழித்து, குண்டு கீழ்க்கோட்டுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. யாரும் காற்றைச் செலவழிக்கவில்லை. அப்படியென்றால் வாசிப்பு முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா? என்றாலும் முடிந்தது முடிந்ததுதானே.

திரைக்கு வெளியே வந்து, நடுவில் நின்று, கைகூப்பி வணக்கம் சொன்னேன்.

முதல் துண்டுக்கும் இரண்டாம் துண்டுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளி அது. அந்த இடைவெளியில் இருமக்கூட மாட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அறுபது முகங்கள் என் காலுறையைப் பார்த்தன. வலது பெருவிரல் ஓட்டையால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவபாலன் மட்டும் என்னைக் கண்ட சந்தோசத்தில் எழுந்து நின்று கைதட்டினார். ரஞ்சியும் தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டுவதா விடுவதா என்று தெரியாமல் மரியாதைக்குத் தட்டினார்கள். கடைசியில் மண்டபமே தட்டியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. கைகள் அசைவது மட்டும் தெரிந்தது.

மார்கரெட் வில்லின் நுனியால் திரையைக் காட்டினார். நான் வாசுகியைப் பார்க்காமல் உள்ளே போனேன். பார்க்கத் துணிவில்லை.

இப்போது நடுத்துண்டு. அந்தத் துண்டுதான். இடது கையை இடுப்புக்குள் செருகிக்கொண்டேன். குண்டைப் பார்த்தேன். காது அடைத்திருந்தாலும் மரப்பிடி என் உள்ளங்கையில் நடுங்கியது. ஓர்கனின் பெரிய குழாய்கள் பாடுவது மரத்தின் வழியாகக் கைக்கு வந்தது. அந்த நடுக்கம் நீளமாக, அசையாமல் நின்றது. இதோ இந்த இடத்தில் அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. விரல்கள் கெஞ்சின. விடவில்லை. கால் பெருவிரல் மட்டும் ஓட்டைக்குள்ளால் எட்டு எண்ணிக்கொண்டது. அதற்குக் காற்றோடு சம்பந்தமில்லை.

மூன்றாம் துண்டும் போனது. குண்டு கீழே வந்து நின்றது. நான் அசையவில்லை. ஒருமுறை பட்டது போதும். அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

யாரோ என் காதிலிருந்து அடைப்பானைப் பிடுங்கினார்கள்.

"முடிஞ்சுதப்பா. விடுங்கோ" என்றாள் வாசுகி. அவளுக்குப் பின்னால், கைதட்டலின் கடைசிப் பகுதி அடங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு ஆவர்த்தனம்

வாசலில் மார்கரெட் வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வியாழக்கிழமை ஏழு மணி. பிந்தக்கூடாது" என்றார். அவ்வளவுதான். வாசுகி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்காக இன்னும் ஐம்பது வருடம் துருத்தி அழுத்தலாம். மார்கரெட்டும் என்னைப் பார்த்தார். "மோட்டாருக்குக் குழு அனுமதி தந்துவிடும் என்று நம்புகிறேன், நேதன். மிகவும் நம்புகிறேன்." அவர் கையில் ரஞ்சி கொடுத்த ரோல்ஸ் இருந்தது.

காரில் வாசுகி கேட்டாள். "எப்பிடி இருந்தது?"

"குண்டு ஒருக்காலும் கோட்டைத் தாண்டேல்லை."

அவள் சிரித்தாள். "நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை, என்ன?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அறுபது பேர் கேட்டார்கள். சிவபாலன் கேட்டார். முப்பது வருடம் அவளோடு வாழ்ந்த நான் ஒருவன்தான் கேட்கவில்லை. பதிவும் கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. கச்சேரிச் சீலையை மாற்றாமலே வயலினை எடுத்தாள். குளிர்ப்பெட்டிக்கும் மேசைக்கும் நடுவே நின்று நடுத்துண்டைத் தொடங்கினாள். இரண்டாவது வயலினின் பங்கு மட்டும். அதைத் தனியாகக் கேட்டால் பாட்டுப் போலவே இருக்காது. ஒரு நீண்ட சுரம், பிறகு ஒரு காத்திருப்பு. இன்னொரு சுரம், இன்னொரு காத்திருப்பு. நான் கதிரையில் கைகளுக்கு மேலே உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் பெரிய காத்திருப்பு ஒன்று வந்தது. மற்ற மூன்று பேரும் வாசிக்கும் இடம். வில்லை இறக்கினாள்.

"கை எங்கை?"

"கீழை இருக்கு."

"எடுங்கோ. இதிலை பதினாறு எண்ணிக்கை. போடுங்கோ."

கையை எடுத்து மேசையில் வைத்தேன். அடி, மூன்று விரல், அடி, வீச்சு, அடி, வீச்சு. அவள் தாளைப் பார்க்கவில்லை, வாயால் எண்ணவும் இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆவர்த்தனம் முடிந்து என் கை மறுபடி மேசையில் விழுந்தபோது அவள் வில்லும் தந்தியில் விழுந்தது.